பாலத்தோரக் கடையில் என் வீட்டுக்காரர்

ஜனவரி 14, செவ்வாய்

குப்பை போடும் இடத்தில் எதிர்வீட்டு ஓட்சுகா-சான் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரர் என்னா தமாஷா பேசுறாரு! நேத்து பாலத்தோரக் கடையில சிரிச்சு சிரிச்சு நான் காபியைக் கொட்டிட்டேன், போங்க."

என் வீட்டுக்காரரா? வேறு யாரையோ சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இகராஷி டெட்சுரோ. வண்டி பிரேக் செய்யும் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் வாயிலிருந்து வருவது 'ம்' ஒன்றுதான். ஆமாம் என்றாலும் ம், வேண்டாம் என்றாலும் ம். எந்த ம் எது என்று நான்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அவர் தமாஷாகப் பேசுகிறாராம். அதுவும் ஓட்சுகா காபியைக் கொட்டும் அளவுக்கு.

என்ன சொன்னார் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் மானம் போய்விடும். "ஆமாமா, அவர் எப்பவும் அப்படித்தான்" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 15, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது, சாதாரணமாகக் கேட்பதுபோல, "கடையில இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றேன்.

"ம்."

ஜனவரி 21, செவ்வாய்

வீட்டுக்கு வரும் நாளிதழைப் போன வருடமே நிறுத்தியவர் இவர்தான். "நடந்துபோய் வாங்கிக்கிறேன், காலுக்கு நல்லது" என்றார். நானும் நம்பினேன். காலையில் போனால் நாளிதழ் வாங்கிவர எவ்வளவு நேரம் ஆகும்? பாலம் தாண்டினால் கடை, நாளிதழ், காபி, சாப்பாடு எல்லாம் இரவு பகலாக விற்கும் இடம். இவர் வெயில் ஏறிய பிறகு வருகிறார், நாளிதழை அங்கேயே படித்து முடித்து, மடிப்புக் கலைந்து.

இன்று கையில் ஒரு மூடிபோட்ட கிண்ணமும் இருந்தது. கல்லாப் பக்கத்தில் சாற்றில் கொதித்துக்கொண்டே இருக்குமே, அந்த ஓடென். முள்ளங்கி, முட்டை, மீன் கட்டி.

"முள்ளங்கி இன்னிக்கு நல்லா ஊறியிருக்குன்னு கொமாட்சு-சான் சொன்னாங்க."

இந்த மாதத்தில் அவர் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். அதில், கல்லாவில் நிற்கும் ஒரு பெண்ணின் பெயர்.

நான் பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை பார்த்தவள். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் என் கை முள்ளங்கியைத் தின்று வளர்ந்தவர்கள். என் முள்ளங்கி ஊறியதா ஊறவில்லையா என்று இவர் ஒருநாள் சொன்னதுண்டா?

சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

கொமாட்சு-சான். பெயருக்குப் பின்னால் மரியாதைக்குப் போடுகிற அந்த 'சான்' இவர் வாயில் எவ்வளவு மெத்தென்று வருகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

மூன்றாவது நாளாகப் பனி. காலையில் கதவு பாதிதான் திறந்தது. வாசலில் இடுப்பளவு நிற்கிறது. பனிவாரியைத் தேடினேன், காணோம். இவரையும் காணோம்.

நானே பழைய பிளாஸ்டிக் வாரியால் ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு வழி வெட்டினேன். முதுகு விட்டுப்போயிற்று. அப்போது ஓட்சுகா வந்து சொல்கிறாள், வாயெல்லாம் பல்லாக: "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு நல்ல மனுஷன்! கடைக்கு வண்டி வந்து திரும்பணுமேன்னு அந்தப் பெரிய வாசலையே தனியா வாரிட்டு இருக்காரு!"

கடை வாசலை!

மதியம் வந்தார், காது சிவந்து, மகிழ்ச்சியாக. "சாப்பாட்டு வண்டி ராத்திரியிலிருந்து வரல. தட்டெல்லாம் காலி. கொமாட்சு-சான் வீட்டுக்கே போகாம நிக்கிறாங்க, பாவம்."

"நானும் நின்னேன்," என்றேன். "இடுப்பளவு பனியில."

வாசலைத் திரும்பிப் பார்த்தார். "ம்" என்றார். இது எந்த ம் என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அவர் கோட்டைத் தட்டி மாட்டும்போது பையில் ஏதோ சரசரத்தது. சின்ன சாக்லேட். தங்கக் காகிதம், சிவப்பு ரிப்பன். காதலர் தினமான இன்று ஆண்களுக்குப் பெண்கள் கொடுப்பது. வாடிக்கைக்காரர் எல்லோருக்கும் கொடுத்திருப்பாள், கடை வழக்கம், எனக்குத் தெரியாதா. எல்லோருக்குமா ரிப்பன் கட்டுவாள்?

நான் கடைசியாக அவருக்கு இந்த நாளில் சாக்லேட் கொடுத்தது எப்போது? மகள் யுகாரி வீட்டில் இருந்த காலத்தில். அவள் திருமணமாகி செண்டாய் நகரத்துக்குப் போன பிறகு ஒருதடவையும் இல்லை. அது வேறு விஷயம்.

வயிறு எரிகிறது.

பிப்ரவரி 19, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மின்கட்டணச் சீட்டை எடுத்துக்கொண்டு நானே பாலத்தோரக் கடைக்குப் போனேன். எப்போதும் இவர்தான் அங்கே கட்டிவிட்டு வருவார். அவளைப் பார்க்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. உதட்டுக்கு லேசாகச் சாயம்கூடப் பூசிக்கொண்டேன், வெட்கக்கேடு.

கதவு திறந்ததும் மணி, "வாங்க, வாங்க" என்று ஒரு கரகரத்த குரல். ஐம்பது தாண்டியிருக்கும். என்னைவிடக் குண்டு. பச்சைச் சீருடை மார்புப் பக்கம் இறுக்குகிறது. நரையை மறைக்கவில்லை. அழகியாக இருந்திருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும், நானும் மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். இவளிடம் என்ன இருக்கிறது?

சீட்டை நீட்டினேன். பெயரைப் பார்த்தாள். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது.

"இகராஷி-சான் வீட்டம்மாவா! ஐயோ, நானே கேக்கணும்னு இருந்தேன். வயித்துல ஏதோ நிழல் தெரியுதுன்னாங்களே, சதை எடுத்து அனுப்பினாங்களே, ரிசல்ட் வந்துடுச்சா?"

இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். என் முகம் சொல்லியிருக்க வேண்டும். அவள் கை சீட்டின் மேலேயே நின்றுவிட்டது.

"நான்... நான் வேற ஒருத்தரை நினைச்சு..."

"இல்ல. எங்க வீட்டுக்காரர்தான்," என்றேன். "ரிசல்ட் இன்னும் வரல."

கட்டணத்தைக் கட்டினேன். அவள் முத்திரை போட்டாள். எனக்குப் பின்னால் ஒருவர் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றார். "சூடு பண்ணட்டுமா?" என்று அவரிடம் அவள் கேட்டது என் காதில் விழுந்தது. வெளியே வந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கேட்டுவிட்டேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றார்.

"யாருகிட்ட? ஊர் பூரா சொல்லிட்டு, அப்புறமா?"

"ஊருக்கெல்லாம் சொல்லல. அவங்க ஒருத்தர்கிட்டதான்."

ஒருத்தரிடம்தான்! அதைத்தானய்யா கேட்கிறேன்! அந்த ஒருத்தர் நானில்லையே!

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. முள்ளங்கி, பனி, ரிப்பன், எல்லாம் வந்தது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், மிகவும் மெதுவாக:

"அங்க சொன்னா காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும். அடுத்த ஆள் வந்துடுவான், அவங்க அவனைப் பாக்கப் போயிடுவாங்க. இங்க சொன்னா... நீ ராத்திரி பூரா முழிச்சுட்டு என் மூச்சைக் கேட்டுட்டுப் படுத்திருப்ப."

அது உண்மைதான். உண்மையாக இருந்தால் என்ன? முழித்திருக்க எனக்கு உரிமை இல்லையா?

வயிறு எரிகிறது என்று போன வாரம் இதில் எழுதியவள் நான். அவர் வயிற்றில் நிஜமாகவே ஏதோ இருந்திருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

முழித்திருந்தேன். மூச்சைக் கேட்டேன்.

மார்ச் 3, திங்கள்

ரிசல்ட். சேர்ந்து போனோம். புற்றுதான். ஆரம்ப நிலை என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். வயிற்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டால் போதுமாம், பதினாலாம் தேதி அறுவை. இவர் 'ம்' என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். "சரின்னு சொல்றார்," என்றேன் நான். மொழிபெயர்க்க இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை என்று அந்த நிமிடம் ஒரு அற்பத் திமிர். இந்த நேரத்திலும்!

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பியது. பிறகு நின்று என்னைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினேன். இன்றைய சமையலில் வெங்காயம் கிடையாது.

மார்ச் 13, வியாழன்

நாளை காலை அறுவை. செண்டாயிலிருந்து யுகாரி வந்திருக்கிறாள். மாலையில் அவள் தேநீர் வாங்கப் போன சமயம், இவர் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து கையை அசைத்து அருகில் கூப்பிட்டார். மனுஷன் ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். முக்கியமான ஏதோ. கிட்டே குனிந்தேன்.

"நாளைக்குப் பதினாலாம் தேதி. சாக்லேட் வாங்கின ஆம்பளைங்க திருப்பித் தர்ற நாள். கொமாட்சு-சானுக்கு ஏதாவது வாங்கிக் குடுத்துடு. பிஸ்கட் மாதிரி ஏதாவது."

நான் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உடையாமல் இருந்தது அதன் அதிர்ஷ்டம்.

மார்ச் 15, சனி

நேற்று எழுத நேரமில்லை. அறுவை நல்லபடி முடிந்தது. நினைத்ததைவிட நேரம் ஆயிற்று. காத்திருக்கும் கூடத்துச் சுவர்க் காலண்டரில் இருந்த குதிரையின் ஒவ்வொரு மயிரும் எனக்கு மனப்பாடம். டாக்டர் வந்து சொன்ன பிறகு யுகாரி என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அழவில்லை. அம்மா அழுதால் பெண் என்ன ஆவாள்.

அவளை மருத்துவமனையில் இருத்திவிட்டு, மாற்றுத்துணி எடுக்க நான் நேற்றுச் சாயங்கால பஸ்ஸில் வந்தேன். பையில் பிஸ்கட் பெட்டி. மருத்துவமனைக் கீழ்த்தளக் கடையில் வாங்கினேன், வேண்டுமென்றே இருப்பதிலேயே அழகில்லாத பெட்டியாக. கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட வேண்டும் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

கடையில் யாருமில்லை. கல்லா மேல் வைத்தேன். "எங்க வீட்டுக்காரர் குடுக்கச் சொன்னார்."

அவள் பெட்டியைப் பார்க்கவே இல்லை. "எப்படி இருக்காரு?"

"நல்லா..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. கல்லாவைப் பிடித்துக்கொண்டு, பொரித்த கோழி சூடாக இருக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே நின்று, ஓவென்று அழுதேன். அறுபத்து மூன்று வயசுப் பொம்பளை!

கொமாட்சு கல்லாவைச் சுற்றி வெளியே வந்து என்னை ஜன்னலோர முக்காலியில் உட்கார வைத்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. போய் ஒரு சோற்றுருண்டையைச் சூடு பண்ணி எடுத்துவந்து வைத்தாள். "சாப்பிடுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டீங்க." உண்மை.

யாராவது உள்ளே வந்தால் எழுந்துபோய்க் கணக்குப் போட்டுவிட்டு வருவாள். அந்த இடைவெளிகளில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். என்னவெல்லாமோ சொன்னேன். கல்யாணமான முதல் குளிர்காலத்தில், இந்தப் பனியைப் பார்த்து மிரண்டு, ஊருக்கு ஓடிப்போக ரயில் நிலையம் வரை போய்த் திரும்பினது. யுகாரிக்குக்கூடத் தெரியாது.

கிளம்பும்போது கேட்டே விட்டேன். "அவர் உங்ககிட்ட என்னதான் பேசுவார்?"

"பெரும்பாலும் பொய்தான்," என்றாள். "ஃபாக்டரியில ஒரு கரடி புகுந்துச்சாம், இவர் அதுக்கு வேலை நேரம் பதியுற டைம் கார்டு அடிச்சுக் குடுத்தாராம்." சிரித்தாள். பிறகு, "எல்லாரும்தான் இங்க வந்து மனசுல உள்ளதைச் சொல்றாங்கம்மா. ஒருத்தர் பெண்டாட்டி போனதை, ஒருத்தர் பையனுக்கு வேலை போனதை. நான் 'சூடு பண்ணட்டுமா'ன்னு கேப்பேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

மார்ச் 18, செவ்வாய்

யுகாரி ஊருக்குப் போய்விட்டாள். வீடு ஒரே நிசப்தம். அந்த 'ம்' இல்லாத நிசப்தம் வேறு மாதிரி இருக்கிறது. நேற்று ராத்திரி டிவியை ஓடவிட்டே படுத்தேன். அவர் கோட்டை மோந்து பார்த்தேன். சாயங்காலம் கடையில் இதைக் கொமாட்சு-சானிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

(கவனித்தேன், நானும் 'சான்' போட்டுவிட்டேன்.)

மார்ச் 21, வெள்ளி

போனால் கட்டில் காலி. பதறிவிட்டேன். நர்ஸ் சிரித்தாள். "கீழ்த்தளக் கடையில பாருங்க."

சலைன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு, மருத்துவமனை அங்கியில், கல்லா எதிரே நிற்கிறார். கல்லாவில் பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெண், "இகராஷி-சான், கரடி அப்புறம் சம்பளம் கேட்டுச்சா?" என்கிறாள். அறுவை முடிந்து ஒரே வாரத்தில்!

இவளைப் பார்த்தும் கொஞ்சம் வயிறு எரிந்தது. ஆனால் முன்புபோல் இல்லை. மனுஷன் நடக்கிறார். அது போதும் என்று சொல்ல எனக்கு ஆசை. போதவில்லை. கரடிக் கதையை எனக்கு இன்னும் அவர் சொல்லவில்லையே.

மார்ச் 28, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி, ஆறு கரண்டி. மெலிந்துபோய் கழுத்து காலருக்குள் ஆடுகிறது.

ஏப்ரல் 9, புதன்

முதல்தடவையாகத் தனியாகக் கடைக்குப் போய்விட்டு வந்தார். முகம் ஒரு மாதிரி. கோட்டைக் கழற்றவில்லை.

"நீ டிவியை விடிய விடிய ஓடவிட்டுத் தூங்கினியாமே."

"யார் சொன்னா?"

"ரயில் ஸ்டேஷன் வரைக்கும் போனியாமே. கல்யாணமான வருஷம்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"முப்பத்தேழு வருஷமா உன்கூட இருக்கேன்," என்றார். குரல் உயர்ந்துவிட்டது, என் ஞாபகத்தில் அவர் குரல் உயர்ந்ததே இல்லை. "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல. கடையில போய்ச் சொல்லியிருக்க!"

"கடையில சொன்னா காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும்," என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை.

அடடா. எரிகிறது அவருக்கும்! இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. பாவமாகவும் இருக்கிறது. மெலிந்த மனுஷன். ஆனால் சிரிப்புதான் முதலில் வருகிறது, என்ன செய்ய.

ஏப்ரல் 10, வியாழன்

நேரே போய்ச் சண்டை பிடித்தேன். கொமாட்சு-சான் கை இரண்டையும் கூப்பிவிட்டாள்.

"வாய் தவறிடுச்சு, மன்னிச்சுடுங்க! ஆனா நீங்களே சொல்லுங்க, காலையில அவர் சொன்னதை உங்களுக்கு மறைக்கணும், சாயங்காலம் நீங்க சொன்னதை அவருக்கு மறைக்கணும். பார்சல் வாங்கணும், காபி மிஷின் கழுவணும், இதையும் பாத்துக்கணும்னா? ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே தூங்குறீங்க? அங்க பேசித் தொலைங்களேன்!"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடே வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் ரயில் நிலையக் கதையை நானே அவருக்குச் சொன்னேன், முழுசாக. டிக்கெட் வாங்காமல் திரும்பியது ஏன் என்றும் சொன்னேன். அதைக் கொமாட்சுவிடம்கூடச் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஜூன் 12, வியாழன்

இருவருமாகப் போனோம். ஜன்னலோர முக்காலியில் ஒரு முட்டை சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டோம். அவருக்கு ஒரு பாதிக்கு மேல் இறங்காது. நான் பக்கத்தில் இருக்கும்போது அவர் வாய் திறப்பாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்கப்பட்டார். காதைச் சொறிந்தார். கொமாட்சு-சான் தட்டுகளை அடுக்கியபடி கடந்துபோனாள்.

"கொமாட்சு-சான், என் வயித்துல பாதியை டாக்டர் எடுத்துக்கிட்டாரு. சாண்ட்விச் பாதியை அவருக்கு அனுப்பிவைங்க, பங்கு கேப்பாரு."

அவள் சிரிக்கும் முன்பே நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. இவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை. ஏதோ புதுசாகக் கடைக்குள் வந்த ஒருத்தியைப் பார்ப்பதுபோல.

செப்டம்பர் 17, புதன்

ஆறு மாதச் சோதனையின் முடிவு இன்று. "நான் வரேன்" என்றேன். வேண்டாம் என்று தனியாகப் போனார். நான் காலையிலிருந்து துவைத்ததையே துவைத்தேன்.

மதியம் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வாசல் கதவு அடித்துத் திறந்தது. "மிட்சுயோ!" என்று ஒரு கத்தல். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே மறந்துபோயிருந்தது, எப்போதும் 'ஏய்'தானே. ஓடினேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நிற்கிறார், மூச்சு வாங்க.

"ஒண்ணுமில்லையாம். எங்கயும் பரவலயாம். சுத்தமா இருக்காம்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சட்டை நுனி என் கையில் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் விலகவில்லை.

பிறகுதான் தோன்றியது. பஸ் நிற்பது பாலத்துக்கு அந்தப் பக்கம். கடையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"கடைக்குப் போனீங்களா?"

"இன்னும் இல்ல."

எழுந்து செருப்பைத் தேடினேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"கொமாட்சு-சான்கிட்ட சொல்ல வேணாமா?"

"ஏய், அது என் சேதி! நான்தான் சொல்லணும்!"

"நீங்க மெதுவா வாங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு," என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டேன். ஓட்சுகா ஜன்னலைத் திறந்து என்ன ஏது என்று கூப்பிட்டாள். நிற்கவில்லை.

பாலத்தின் நடுவில் என்னைத் தாண்டிப் போனார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.